குனிந்தால் விட்டது, நிமிர்ந்தால் பிடித்தது

அல்லாஹ்வின் பெயரால் தொடங்குகிறேன். நன்றியைப் பிறகு சொல்கிறேன், சகோதரர்களே. முதலில் என் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு நன்றியை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னவனாவேன்.

என் பெயர் காசிம். ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து அறுபதுகளின் தொடக்கத்தில் போர்ட் பிளேருக்குப் பிழைக்க வந்தவன். ஜெட்டியில் மூட்டை இறக்கும் வேலை. மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்தால் அரிசியும் சிமெண்டும் சர்க்கரையும் எங்கள் முதுகில் ஏறித்தான் இந்தத் தீவுக்குள் வரும். எனக்கு நல்ல கட்டுமஸ்தான உடம்பு. காய்ச்சல் என்று படுத்ததில்லை. வேலைக்குப் பயந்தவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை.

எழுபத்திரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் கால் மரத்துப்போக ஆரம்பித்தது.

முதலில் பிட்டத்தில் ஒரு கனம். பிறகு தொடை, கெண்டைக்கால் என்று இறங்கும். கொஞ்ச தூரம் நடந்தால் இரண்டு காலிலும் எறும்பு ஊறுவது போலிருக்கும். இன்னும் கொஞ்சம் நடந்தால் கால்கள் என்னுடையவை போலவே இருக்காது. உட்கார்ந்துவிட்டால் போதும், சிறிது நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும். எழுந்து நடந்தால் மறுபடியும் அதே கதை. ஒருநாள் பஜாரிலிருந்து டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருந்த வீட்டுக்கு நடந்து வந்தபோது ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று எனக்குத் தெரியவில்லை. கழன்றதையே கால் எனக்குச் சொல்லவில்லை.

இதில் என்னை மிகவும் வதைத்தது எது தெரியுமா? முதுகில் மூட்டை இருந்தால் நான் நடந்துவிடுவேன். மூட்டைக்குக் கீழே குனிந்து கிடங்கு வரை போய்ச் சேர்ந்துவிடுவேன். இறக்கிவிட்டு வெறும் கையோடு நிமிர்ந்து திரும்பும்போதுதான் கால் நின்றுபோகும். மேட்டில் ஏறிவிடுவேன், பள்ளத்தில் இறங்க முடியாது. சைக்கிள் ஓட்டினால் எவ்வளவு தூரமும் போவேன். ரேஷன் கடை வரிசையில் நிற்கச் சொன்னால் தரையில் உட்கார்ந்துவிடுவேன்.

இதை யாரிடம் சொல்லி நம்ப வைப்பது?

எங்கள் மேஸ்திரி சுப்பையா திருநெல்வேலிக்காரர். தீவில் ரொம்ப வருஷம் இருந்ததால் வாயில் பாதி இந்திதான் வரும். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கப்பல் கரையில் நிற்கும்போது அவருக்கு நிதானம் இருக்காது.

"அரே காசிம் பாய், சுமையோட நல்லா நடக்கிறே, காலி கையோட வந்தா உக்காந்துடுறே. இது எந்த ஊரு பீமாரி?" என்று, இது என்ன நோய் என்பது போல எல்லாருக்கும் முன்னால் கேட்டார்.

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. நிஜமாகவே சோம்பேறி ஆகிவிட்டேனா?

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். வயசுக்கேற்ற தேய்மானம்தான், உடைந்தது விலகியது எதுவும் இல்லை என்றார். "ஆராம் கரோ" என்று இந்தியில் சொல்லி மாத்திரை எழுதினார். ஓய்வெடு என்கிறார். ஓய்வெடுத்தால் வலி இருக்காது, அது எனக்கும் தெரியும். உட்கார்ந்தே இருப்பவனுக்கு ஜெட்டியில் என்ன வேலை? டெலானிபூரில் எண்ணெய் தேய்த்து நரம்பு எடுப்பவர் ஒருவர் இருந்தார். அவர் என்னைக் குப்புறப் போட்டு, முதுகில் முட்டி வைத்து, தோளைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்தார். அன்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். அதற்கப்புறம் முன்னைவிட மோசமானது.

கையேந்தி துஆ கேட்காத வேளை இல்லை. பஜார் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு நிற்பேன். தொழவைக்கும் ஹஜ்ரத் நிதானமாக ஓதுவார். அழகாக ஓதுவார். எனக்கோ நிற்க நிற்கத் தொடையில் நெருப்பு ஏறும். எப்போது முடிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். ருகூவில் குனிந்ததும் அந்த நெருப்பு தண்ணீர் ஊற்றியது போல் அணையும். நிமிர்ந்தால் திரும்பப் பற்றும். ஒருமுறை எல்லாரும் நிமிர்ந்த பிறகும் நான் முழங்காலைப் பிடித்தபடி குனிந்தே நின்றுவிட்டேன். பக்கத்தில் நின்றவர் தொழுகை முடிந்ததும், "என்ன பாய், தூங்கிட்டீங்களா?" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவி ஜெய்னம்புவிடம் கொட்டித் தீர்த்தேன்.

"குனிஞ்சா விடுறான், நிமிந்தா பிடிக்கிறான். என்னைத் தலை நிமிர விடக்கூடாதுன்னு அல்லாவுக்கு என்ன கோவம்?"

அவள் அடுப்படியிலிருந்து திரும்பினாள். "அப்படிப் பேசாதீங்க. குனிஞ்சா ஏன் விடுதுன்னு யோசிங்க. ஏதோ காரணம் இல்லாமலா இருக்கும்?"

நான் யோசிக்கவில்லை. யோசிக்கும் நிலையில் இல்லை.

பிறகு வந்தது அந்த வியாழக்கிழமை. அரிசிக் கப்பல். கப்பலிலிருந்து கரைக்குப் போட்ட பலகை மழையில் வழுக்கியது. மூட்டையோடு பலகையில் இறங்கும்போது உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துத்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் முன்னால் குப்புற விழுவோம். நடுவில் வந்தபோது இரண்டு காலும் ஒரேயடியாகச் செத்துப்போயின. மூட்டை கடலில் விழுந்தது. நான் பலகையைக் கட்டிப்பிடித்துத் தொங்கினேன். பின்னால் வந்தவன் என் சட்டையைப் பிடித்திழுத்திராவிட்டால் கப்பலுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் நசுங்கியிருப்பேன்.

சுப்பையா மேஸ்திரி ஓடி வந்தார். பயத்தில் கத்தினார். "நீ செத்தா நான் யாருக்குப் பதில் சொல்றது? போ காசிம். இனிமே இந்தப் பக்கம் வராதே. பஸ், கதம்."

பஸ் என்றால் போதும், கதம் என்றால் முடிந்தது. என் வேலை முடிந்தது.

அன்று பிற்பகல் அசர் தொழுகையை வீட்டிலேயே தொழுதேன். உட்கார்ந்து தொழுதேன். கையை ஏந்தினேன். ஒரு வருஷமாக ஒரே துஆவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், வலியை எடு, வலியை எடு என்று. அன்று எனக்கு அதைக் கேட்கவே வெறுப்பாக இருந்தது. வாய்விட்டுச் சொன்னேன்:

"யா அல்லாஹ், நீ எடுக்கவேணாம். இது என்னன்னு மட்டும் சொல்லு. பேராச்சும் சொல்லு. பொய் சொல்றவன்ங்கிற பேரோட என்னைக் கொண்டுபோயிடாதே."

அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பணிவான துஆ என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் என் வாழ்க்கையில் நான் கேட்ட உண்மையான துஆ அதுதான்.

பக்கத்து வீட்டில் ஒரு பெங்காலி அம்மா இருந்தார். எங்கள் பெண்பிள்ளைகள் இருவரும் அவரை அக்கா என்ற அர்த்தத்தில் தீதி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அடுத்த வாரம் அவர் வேலை முடிந்து வந்ததும் நேராக எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். மெட்ராஸிலிருந்து நரம்பு ஆபரேஷன் செய்யும் பெரிய டாக்டர் ஒருவர் வந்திருக்கிறார், நாளைக்கு ஒருநாள்தான் நோயாளிகளைப் பார்ப்பார், சாயங்காலம் கிளம்பிவிடுவார் என்று ஜெய்னம்புவிடம் இந்தியில் மூச்சுவிடாமல் சொன்னார்.

விடிந்ததும் போனோம். வராந்தா முழுக்க வரிசை. என்னால் நிற்க முடியவில்லை. சுவரோரமாக உட்கார்ந்தேன். உட்கார்ந்திருந்தவனை யாரும் வரிசையில் இருப்பவனாக நினைக்கவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். மதியம் தாண்டிக் கம்பவுண்டர் வெளியே வந்து, "பஸ், ஆஜ் கே லியே ஹோ கயா" என்றார். இன்றைக்கு அவ்வளவுதான் என்று கதவைச் சாத்தப் போனார்.

ஜெய்னம்பு அந்நிய ஆண்களிடம் முகம் பார்த்துப் பேசாதவள். அன்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவில் கை வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரால நிக்க முடியல. அதுக்குத்தான் வைத்தியம் பார்க்க வந்தோம். நிக்க முடியாதவரு வரிசையில நிக்கலைன்னு திருப்பி அனுப்புவீங்களா?"

உள்ளேயிருந்து தமிழில் குரல் வந்தது. "அவங்களை விடுப்பா."

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். களைத்திருந்தார். எக்ஸ்ரேயைப் பார்த்தார். காலைச் சுத்தியலால் தட்டினார். பாதத்தின் வெளியோரத்தில் ஊசியால் தொட்டு, "தெரியுதா?" என்றார். தெரியவில்லை. பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"எப்ப வலிக்குதுன்னு எல்லாரும் கேட்டிருப்பாங்க. எப்ப விடுது, அதைச் சொல்லுங்க."

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நான் ஜெய்னம்புவைப் பார்த்தேன். அவள், சொல்லுங்க என்று தலையசைத்தாள்.

"தொழுகையில விடுதுங்கய்யா. ருகூவுல."

"எப்படிச் செய்வீங்க? செஞ்சு காட்டுங்க."

அந்த அறையில் எழுந்து கை கட்டி நின்றேன். கொஞ்ச நேரத்தில் கால் எரிய ஆரம்பித்தது. சொன்னேன். குனிந்து முழங்காலைப் பிடித்தேன். விட்டது. அதையும் சொன்னேன். நிமிரச் சொன்னார். பிடித்தது. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு என்னை உட்கார வைத்தார்.

"முதுகெலும்புக்கு நடுவுல நரம்பெல்லாம் இறங்கி வர்ற ஒரு குழாய் இருக்கு. உங்களுக்கு இடுப்புக்கிட்ட அது குறுகிப்போச்சு. வருஷக்கணக்கா சுமந்து சுமந்து எலும்பும் தசைநாரும் தடிச்சு உள்பக்கம் வளர்ந்திருக்கும்னு நினைக்கிறேன். நிமிந்து நின்னா இன்னும் இறுகும். குனிஞ்சா கொஞ்சம் வழி விடும். அதான் மூட்டையோட நடக்கிறீங்க, சைக்கிள் ஓட்டுறீங்க, மேடு ஏறுறீங்க."

நான் சைக்கிளைப் பற்றியும் மேட்டைப் பற்றியும் அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

சகோதரர்களே, அந்த இடத்தில் நான் தேம்பி அழுதேன். வலி குறையவில்லை. ஆனால் நான் பொய் சொல்லவில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டார். பேராச்சும் சொல்லு என்று கேட்டேன். பேர் வந்துவிட்டது.

அதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆபரேஷன் செய்யாவிட்டால் பாதம் முழுவதும் செயலிழக்கலாம், சிறுநீரும் அடைபடலாம் என்றார் டாக்டர். செய்தால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். "நல்லா ஆகும்னு நம்புறேன். சத்தியம் பண்ண முடியாது" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது, பயமாகவும் இருந்தது. மெட்ராஸுக்கு வரச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மெட்ராஸ் என்ன பக்கத்துத் தெருவா? கப்பல் டிக்கெட்டுக்கு மறுபடியும் வரிசை. இந்த முறை ஜெய்னம்பு நின்றாள். டிக்கெட் கிடைத்த கப்பல் எஞ்சின் கோளாறால் கிளம்பவில்லை. அடுத்த கப்பலைப் புயல் நிறுத்தியது. வீட்டு வாசலில் உட்கார்ந்து கடல் இருக்கும் திசையை முறைத்துக்கொண்டிருப்பேன். நோயின் பேரைச் சொல்லிக் காட்டிவிட்டு மருந்தை ஏன் கடலுக்கு அந்தப் பக்கம் வைத்தாய் என்று கேட்பேன். அப்போதும் என் துஆவில் எரிச்சல்தான் அதிகம்.

ஒருவழியாகப் பிள்ளைகளை தீதி வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலேறினோம். கீழ்த்தட்டில் பங்க் கிளாஸ், அடுக்குப் படுக்கைகள். ஜெய்னம்பு வழி முழுக்க வாந்தி எடுத்தாள். நானோ கால் நீட்டிப் படுக்க முடியாமல் முழங்காலை மடக்கிக்கொண்டு பக்கவாட்டில் சுருண்டு கிடந்தேன்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கும் வரை வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தோம். முதுகில் ஊசி குத்தி நரம்புக் குழாய்க்குள் மருந்து செலுத்தினார்கள். என்னை மேஜையோடு கட்டி, தலைப்பக்கமும் கால்பக்கமுமாக மேஜையைச் சாய்த்துப் படம் எடுத்தார்கள். அன்றைய தலைவலியை என் விரோதிக்கும் விரும்பமாட்டேன். படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மருந்து வெள்ளையாக இறங்கி வந்து, இடுப்புக்கிட்ட யாரோ விரலால் இறுக்கிப் பிடித்தது போல் நூலாகிப் போயிருந்தது. அவ்வளவுதான் இடம். அந்த நூலிழையை நம்பித்தான் நான் மூட்டை சுமந்திருக்கிறேன்.

ஆபரேஷன் நாள் குறித்தார்கள். காலையில் பட்டினியோடு தயாரானேன். விபத்தில் அடிபட்டவர்கள் வந்ததால் தள்ளிவைத்தார்கள். மறுபடியும் நாள் குறித்தார்கள், மயக்க டாக்டர் வரவில்லை என்று மறுபடியும் தள்ளிப்போனது. திரும்பிப் போய்விடலாம் என்று ஜெய்னம்புவிடம் சண்டை போட்டேன்.

"எங்க போறது? திரும்ப அந்தப் பலகைக்கா?" என்றாள்.

கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

கடைசியில் கூட்டிப்போனார்கள். என்னைக் குப்புறப் படுக்க வைப்பார்கள், நரம்புக்கு மேலே கூரை போல இருக்கும் எலும்பை எடுத்து வழியைத் திறந்துவிடுவார்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மயக்க மருந்து ஏறுவதற்கு முன்னால் பெரிய துஆ எதுவும் வரவில்லை. "உன் கையில இருக்கேன்" என்றேன். அந்த ஒரு முறைதான் எரிச்சல் இல்லாமல் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

கண் விழித்தபோது ஜெய்னம்பு என் கால்மாட்டில் இருந்தாள். என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, "அசைங்க" என்றாள். அசைத்தேன். அவள் முக்காட்டுக்குள் முகத்தை மூடிக்கொண்டாள்.

படுக்கையில் கட்டை போலக் கிடந்தேன். புரள்வதென்றால் இரண்டு பேர் சேர்ந்து உருட்டவேண்டும். படுத்தபடியே கண்ணசைவில் தொழுதேன். தையல் பிரித்த பிறகு நடக்கச் சொன்னார்கள். முதல் நாள் தலைசுற்றி விழப்பார்த்தேன். கால் வாழைத்தண்டு மாதிரி துவண்டது. ஆபரேஷன் தோற்றுவிட்டதோ என்று மறுபடியும் அந்தப் பழைய கசப்பு வந்தது.

பிறகு ஒரு காலையில் வார்டிலிருந்து வராந்தாக் கோடியில் இருந்த குழாயடிக்குப் போனேன். தண்ணீர் பிடித்தேன். பக்கத்துக் கட்டில்காரர் ஏதோ கேட்டார், நின்று பதில் சொன்னேன். ஊர்க்கதை பேசினோம். செம்பு கையில் இருந்தபடியே திரும்பி வந்து கட்டில் அருகில் வந்தபோதுதான் உறைத்தது. நான் இவ்வளவு நேரமும் நிமிர்ந்து நின்றிருக்கிறேன். காலை நினைக்கவே இல்லை. வலியை மறந்துபோன அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும்தான் சொல்லத் தெரிகிறது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "இனிமே மூட்டை தூக்கக் கூடாது. ஒண்ணுகூட" என்றார். எனக்குக் கோபம் வந்தது. நடக்க வைத்துவிட்டு, நடந்து செய்த வேலையைப் பிடுங்கிக்கொள்கிறார்களே என்று. தெரிந்த ஒரே தொழில் அதுதான். தீவுக்குத் திரும்பிய பிறகும் பல மாதங்கள் ஜெட்டிப் பக்கம் கப்பல் சங்கு ஊதினால் வேலைக்குக் கிளம்ப எழுந்துவிடுவேன், பிறகு உட்காருவேன். இடது பாதத்தின் ஓரம் இன்றைக்கும் மரத்துத்தான் இருக்கிறது. எல்லாம் திரும்பக் கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன்.

டாலிகஞ்சில் ஒரு சின்ன டீக்கடை போட்டேன். ஒருநாள் சுப்பையா மேஸ்திரி வந்து நின்றார். கூட எங்கள் கூட்டத்தில் மூட்டை தூக்கும் ஒரு தெலுங்குக்காரர். மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"இவனும் இறக்கத்துல உக்காருறான் காசிம் பாய். எனக்குத் திட்டத்தான் தெரியும். நீ பார்த்துச் சொல்லு."

"நான் டாக்டர் இல்ல மேஸ்திரி."

"தெரியும். என்ன கேக்கணும்னு உனக்குத் தெரியும்ல."

அந்த ஆளை உட்கார வைத்து டீ கொடுத்தேன். எப்போது விடுகிறது என்று கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, கடையை ஜெய்னம்புவிடம் விட்டுவிட்டு, அவரை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டர் முன்னால் நிறுத்தினேன். அவருக்கு வேறு கோளாறு, மருந்திலேயே குணமானது. அதற்குப் பிறகும் சிலர் வந்தார்கள். கல் உடைப்பவர்கள், மரம் அறுப்பவர்கள். சோம்பேறி என்று பேர் வாங்கியவர்கள். அவர்களுக்காக வரிசையில் நிற்பதுதான் இப்போது என் வேலை என்று நினைத்துக்கொள்கிறேன். நிற்க முடிகிற கால்களை அவன் எனக்குத் திருப்பித் தந்தது எதற்காக என்று இப்போது கேட்பதில்லை.

இதைக் கேட்கிறவர்களில் இன்னும் பதில் வராதவர்கள் இருப்பீர்கள். பொறுமையாக இருங்கள் என்று உங்களிடம் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். எனக்குப் பொறுமை இருந்ததில்லை, அதனால் அதைச் சொல்ல எனக்கு வாயில்லை. சலிப்பு வந்தால் சலிப்போடு கேளுங்கள். கோபம் வந்தால் அந்தக் கோபத்தையும் அவன் முன்னாலேயே கொண்டுபோய்க் கொட்டுங்கள், வேறெங்கும் கொட்டாதீர்கள். பிறகு எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அவன் யார் வாய் வழியாகப் பதில் அனுப்புவான் என்று நமக்குத் தெரியாது. நான் முகத்தைச் சுளித்துக்கொண்டே கேட்டவன். எனக்கே கொடுத்தான். உங்களைக் கைவிடுவானா?